பிரேக்கை எரித்தது யார்

எங்கள் காரின் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது என் மனைவி. இந்த மூன்று விஷயத்தையும் கோயம்புத்தூரில் இருக்கும் அந்தக் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் யார் மண்டையிலும் ஒரே நேரத்தில் ஏற்ற முடிந்ததில்லை. போன் எனக்குத்தான் வரும். "சார், வண்டி எப்படி ஓடுதுங்க?" என்று என்னைத்தான் கேட்பார்கள். நானும், ஏதோ தினமும் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறவன் மாதிரி, "நல்லா ஓடுதுங்க" என்று பதில் சொல்வேன். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருக்கும். அந்தச் சந்தோஷத்தில் போய் விழுந்தவன்தான் நான். இப்போது எழுத உட்கார்ந்தாலும் முதலில் கோபம்தான் வருகிறது.

நான் குன்னூரில் ஒரு தேயிலை பேக்டரியின் ஆபீஸில் கிளார்க். மனைவி கோத்தகிரியைத் தாண்டி ஒரு அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். அவளுக்கு அந்தப் பள்ளிக்கு மாறுதல் வந்தபோது எங்கள் வீட்டில் ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. காலை ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடித்து, கோத்தகிரியில் இறங்கி, இன்னொரு பஸ்ஸுக்குக் காத்திருந்து, அது வராத நாளில் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரச் சேலையோடு வகுப்பு எடுத்துவிட்டு இருட்டியபின் வீடு திரும்புவாள். வந்ததும் காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலையை விட்டுவிடலாமா என்று இரண்டு முறை கேட்டாள்.

ஒருநாள் அவளாகவே டிரைவிங் ஸ்கூலில் பணம் கட்டிவிட்டு வந்து நின்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தேழு வயது. முதல் டெஸ்டில் தோற்றாள். இரண்டாவது டெஸ்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தை இடித்தாள். மூன்றாவதில் லைசென்ஸ் வாங்கினாள். டிரைவிங் ஸ்கூல்காரர் அவளிடம் கத்திக் கத்திச் சொல்லிக் கொடுத்தது ஒரே பாடம்தான்: எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும், வண்டியை இன்ஜின்தான் பிடிக்க வேண்டும், கால் பிடிக்கக் கூடாது. அவள் கணக்கு டீச்சர் இல்லையா, சூத்திரம் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டாள். இறக்கத்தில் எங்கள் கார் இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டே போகும். பின்னால் வருகிறவன் ஹாரனைப் போட்டுப் பிய்ப்பான். அவள் சட்டை செய்ய மாட்டாள்.

கார் வந்தபிறகு அவள் வேறு ஆளானாள். மாலை நாலரைக்கெல்லாம் வீட்டுக்கு வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டு, கட்டபெட்டு பக்கம் ரோட்டோரம் கேரட் நல்லாக் கிடைத்தது என்று ஒரு பையை என் முன்னால் வைப்பாள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை இருவருமாக மேட்டுப்பாளையம் இறங்குவோம். வழியில் பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்குவாள். பேரம் பேசுவது, காரை ஒதுக்குவது எல்லாம் அவள்தான். நான் பக்கத்து சீட்டில் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாவது இலவச சர்வீஸுக்கு நாள் நெருங்கியதும் சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தது. "சார், நீங்க கோயம்புத்தூர் வரைக்கும் வந்து சிரமப்பட வேண்டாமுங்க. நாங்களே ஊட்டுக்கு வந்து வண்டிய எடுத்துட்டுப் போயி, சர்வீஸ் முடிச்சு, சாயங்காலமே கொண்டாந்து உட்டுர்றோம். ப்ரீங்க சார்." ப்ரீ என்றதும் நான் சரி என்றேன். மனைவிக்கு அன்று பள்ளி. "பிக்கப்புக்கு வர்றவருக்கு மலை ரோடு பழக்கமான்னு கேளுங்க" என்று காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது சொல்லிவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை. கம்பெனி டிரைவரிடம் போய் உனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, இஸ்திரி போட்ட சட்டை. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போனில் போட்டோ எடுத்தார். நான்கு பக்கமும், நான்கு சக்கரமும், கதவிலிருந்த கீறல், கிலோமீட்டர் கணக்கு, எல்லாம். "ஏற்கெனவே இருந்த கீறலை நாங்க போட்டதுன்னு பின்னாடி சொல்லக் கூடாதில்லீங்களா, அதுக்குத்தானுங்க சார்" என்றார். இவ்வளவு முறையாக வேலை செய்கிறார்களே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே கீழே பள்ளத்தாக்கைப் பார்த்து, "எறங்கறதுக்கென்னங்க சார், பெட்ரோலே வேண்டாம். நியூட்ரல்ல போட்டு உட்டா மேட்டுப்பாளையத்துலதான் போயி நிக்கும்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடிக்காது, பாரமெல்லாம் பிரேக் மேல்தான்; மனைவி மட்டும் அங்கே இருந்திருந்தால் அந்த நிமிடமே அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருப்பாள்.

மதியம் இரண்டு மணிக்கு சர்வீஸ் அட்வைசர் பேசினார். இளைஞர், குரலில் தேன் ஒழுகும். "சார், ஒரு சின்னப் பிரச்சினைங்க. முன்னாடி ரெண்டு டிஸ்க்கும் எரிஞ்சு போயிருக்குதுங்க. பேடு கண்ணாடியாட்ட வழுவழுன்னு ஆயிருச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க." பார்த்தேன். சக்கரத்துக்கு உள்ளே இருக்கும் பிரேக் தட்டு நீலம் பாய்ந்து, தீயில் காட்டிய தோசைக்கல் மாதிரி இருந்தது. "இது வாரண்டில வராதுங்க சார். ஓட்டற பழக்கத்தால வர்றது. பிரேக்ல காலை வெச்சுட்டே மலை எறங்குனா இப்படித்தான் ஆகும். வண்டிய யாருங்க சார் ஓட்டறது?"

"என் மனைவிதானுங்க."

"அதானே பாத்தேன்" என்று சிரித்தார். "லேடீஸ் ஓட்டுனா எப்பவும் பிரேக்ல ஒரு கால் இருக்குமுங்க சார். பயத்துல."

நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். இந்த இடத்தை எழுதாமல் தாண்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். எழுதினால்தான் மீதியெல்லாம் புரியும். இரண்டு ஆண்பிள்ளைகள் போனில் பேசிக்கொள்கிறோம், ஒருவன் ஜோக் அடிக்கிறான், இன்னொருவன் சிரிக்கிறான். ஓட்டத் தெரியாதவன் என்பதை அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்ற பயமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. பிறகு அவர் அனுப்பிய லிங்கைத் திறந்து, இங்கிலீஷில் இருந்ததைப் படிக்காமலேயே, சம்மதம் என்ற கட்டத்தை அழுத்தினேன். டிஸ்க்கைக் கடைசல் பிடித்துச் சமன் செய்து, அதைக் கவ்விப் பிடிக்கும் பேடை மாற்றி, பில்லோடு மாலையில் வண்டி வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் வேறு ஒரு டிரைவர். அவர் நீட்டிய தாளிலும் கையெழுத்துப் போட்டேன்.

மனைவி வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் புத்திமதி சொல்கிற தோரணையில்தான் சொன்னேன்.

"நான் பிரேக்க மிதிச்சுட்டே எறங்கறதே இல்லீங்க" என்றாள். "ரெண்டாவது கியர்லதான் எறங்கறேன். வளைவுல மட்டும் தொட்டுத் தொட்டு விடுவேன். பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தானே வர்றீங்க?"

"கம்பெனிக்காரன் மெஷின்ல போட்டுப் பாத்துட்டுச் சொல்றாம்மா. அவன் எதுக்குப் பொய் சொல்லப் போறான்?"

அவள் சர்வீஸ் தாளை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். நான் படிக்காத இடத்தைப் படித்தாள். இங்கிலீஷில் இருந்ததை எனக்குத் தமிழில் சொன்னாள்: "பழுதுக்குக் காரணம், ஓட்டுநரின் தவறான பழக்கம். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டார்." தாளை என் பக்கம் திருப்பி, "இது உங்க கையெழுத்துதானுங்களே?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் தாளை மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து இன்னொரு தொல்லை ஆரம்பித்தது. இறக்கத்தில் நாலைந்து வளைவு இறங்கியபிறகு பிரேக்கைத் தொட்டால் பெடல் உதறுகிறது, ஸ்டியரிங்கும் சேர்ந்து ஆடுகிறது என்றாள். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டைக் கேள், பிறகு ஒரு பெண் பெயரைக் கேட்பாள், வண்டி எண்ணைக் கேட்பாள், சம்பந்தப்பட்டவர் கூப்பிடுவார் என்பாள். சம்பந்தப்பட்டவர் கூப்பிட மாட்டார். மறுபடி ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. மூன்றாவது நாளில் அட்வைசர் கிடைத்தார். "வண்டிய அனுப்புங்க சார், செக் பண்ணிர்றோம்" என்றார். அனுப்பினேன். மாலையில் திரும்பி வந்தது. "நாங்க ஓட்டிப் பாத்தோமுங்க. ஒரு குறையும் இல்லை."

"எங்கே ஓட்டிப் பாத்தீங்க?"

"இங்கதானுங்க சார், பைபாஸ்ல."

தட்டு மாதிரி இருக்கிற பைபாஸில் பிரேக் எப்படி சூடாகும், சூடாகாமல் எப்படி உதறும் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். அன்று அட்வைசர் சொன்னதுதான் மண்டையில் ஏறியது: "மேடம் இன்னும் கால எடுக்கலைன்னு நெனைக்கறேங்க சார். கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க." இது போதாதென்று மறுநாள் ஒரு பெண் கூப்பிட்டு, சர்வீஸ் திருப்தியா, பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டாள். ஆறு என்றேன். "சார், பத்துக்குக் கொறஞ்சா எங்களுக்குப் பூஜ்யமுங்க" என்று அழாத குறையாகச் சொன்னாள். அவளுக்காகப் பத்து என்று சொல்லித் தொலைத்தேன். கணக்குப் பரீட்சையில் இப்படி ஒருத்தி கேட்டால் என் மனைவி மார்க் போட்டிருப்பாளா? நான் போட்டேன்.

அதோடு நின்றேனா? எடுத்துச் சொல்லவும் ஆரம்பித்தேன். பெடல் உதறுவதால் மேட்டுப்பாளையம் இறங்குவதை நிறுத்தியிருந்தோம். சனிக்கிழமைகளில் இங்கேயே எங்காவது போனாலும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்க மாட்டேன். அவள் காலைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு வளைவிலும், "கால எடு, கால எடு" என்பேன். பெடல் உதறினால், "பாத்தியா, அவன் சொன்னது சரிதான்" என்பேன். ஆரம்பத்தில் பதில் சொன்னாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு வருடத்தில் அவள் கைக்கும் காலுக்கும் வந்திருந்த பழக்கத்தை நான் இரண்டு மாதத்தில் கலைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் மாதத்து ஒரு சனிக்கிழமை, கோத்தகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல மூட்டம். ஒரு வளைவைத் திரும்பியதும் தேயிலைச் செடிக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை ரோட்டில் இறங்கி நின்றது. இந்த மலையில் அது தினமும் பார்க்கிற காட்சி. வழக்கமாக அவள் அமைதியாக நிறுத்தி, அது போகும்வரை காத்திருப்பாள். அன்று அவள் கால் பிரேக்குக்குப் போவது தெரிந்ததும் பழக்க தோஷத்தில் நான், "கால எடு" என்று கத்தினேன். எடுத்துவிட்டாள். ஒரு நொடிதான். அடுத்த நொடி முழுப் பலத்தோடு மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தாள். வண்டி உதறிக்கொண்டே போய் ரோட்டோர ஓடையில் முன்சக்கரத்தை இறக்கி நின்றது. காட்டெருமை எங்களை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று.

அடி எதுவும் இல்லை. தோட்டத்து வேலைக்காரர்கள் ஆறேழு பேர் வந்து வண்டியைத் தூக்கி ரோட்டில் விட்டார்கள். மனைவி இறங்கி நின்றாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் கத்தியது தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். "நல்ல வேளை" என்று மட்டும் சொன்னேன். அவள் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இனிமே நான் ஓட்டலீங்க." வேலைக்காரர்களில் ஒருவருக்கு லைசென்ஸ் இருந்தது. அவர்தான் எங்களை வீடு கொண்டுவந்து சேர்த்தார். அவள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தாள்.

திங்கட்கிழமை காலை ஆறே முக்கால் பஸ்ஸுக்கு அவள் குடையோடு போனாள். செவ்வாயும் போனாள். வெந்நீர்ப் பாத்திரம் மறுபடி வெளியே வந்தது. கேரட் வரவில்லை. ஓட்டு ஓட்டு என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எனக்குத்தான் வராதுன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சுங்களே" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. வகுப்பில் விடை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து ஆபீஸ் வேலையாக நான் கோயம்புத்தூர் பஸ்ஸில் போனேன். பர்லியாரில் டீக்கு நிறுத்தினார்கள். நாங்கள் வழக்கமாக மங்குஸ்தான் வாங்கும் பழக்கடைக்கார அம்மா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்கண்ணா, பஸ்ஸுல போறீங்க? வண்டிய வித்துப்போட்டீங்களா?"

"இல்லீங்களே. யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலீங்க. மூணு மாசத்துக்கு முன்னாடி வேற ஒருத்தரு ஓட்டிட்டு வந்தாரு, அதுக்கப்பறம் நீங்களும் இந்தப் பக்கம் வரலை, அதான் கேட்டேன். பின்னாடி கண்ணாடில டீச்சரம்மா பள்ளிக்கூடத்து ஸ்டிக்கரு இருந்துச்சு, அதுல அடையாளம் தெரிஞ்சுது. கழுத்துல அட்டை மாட்டியிருந்தாருங்க. முன்னாடி ரெண்டு சக்கரத்துலயும் பொகைன்னா பொகை, அப்படிப் பொகை. கருகுன நாத்தம் கடை வரைக்கும் வந்துச்சு."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்பறம்?"

"எங்கிட்ட ஒரு கொடம் தண்ணி கேட்டாருங்க. சூட்டோட ஊத்தாதீங்க, கோணிப்போகும், அரைமணி நேரம் சும்மா நிறுத்திப்போடுங்கன்னு சொன்னேன். நேரமில்லீங்கம்மா, போயி வண்டிய எண்ட்ரி போடோணும்னு சொல்லிப்போட்டு ஊத்துனாரு. புஸ்ஸுன்னு ஆவி கெளம்புச்சுங்க. டீச்சரம்மா இந்த ரோட்டுல எத்தன தடவ வந்திருக்காங்க, ஒரு நாளாவது பொகைஞ்சிருக்குமா?"

பர்லியாரில் பழம் விற்கிறவர்களுக்குப் பழத்தைப் பற்றித் தெரிகிற அளவுக்கு பிரேக்கைப் பற்றியும் தெரியும். சமவெளியிலிருந்து வருகிற வண்டிகள் புகைந்து நிற்பதை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் அந்தக் காரில் உட்கார்ந்து போன எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கோயம்புத்தூர் போய்ச் சேரும்வரை பற்களைக் கடித்துக்கொண்டே இருந்தேன் என்று, தாடை வலித்தபோதுதான் தெரிந்தது. ஆபீஸ் வேலையைத் தூக்கி எறிந்துவிட்டு நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே கண்ணாடிக் கதவு, ஏசி, காபி மெஷின், வாசலில் வணக்கம் சொல்ல ஒரு பெண். அட்வைசர் கை கொடுக்க வந்தார். நான் கையை நீட்டவில்லை. உட்காரச் சொன்னார், உட்காரவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பழக்கடைக்காரங்க சொல்றதை எவிடென்ஸா எடுத்துக்க முடியாதுங்களே சார். அந்த டிரைவரும் இப்ப வேலைல இல்ல. நீங்களே ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து திரையில் பெரிதாகத் தெரிந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த போட்டோக்கள் ஞாபகம் வந்தன. "உங்க டிரைவர் என் வீட்டு வாசல்ல வண்டியச் சுத்திச் சுத்திப் போட்டோ எடுத்தாருங்களே, அதைத் திறங்க" என்றேன். அது பழைய ரெக்கார்டு, கிடைக்காது என்றார். கிடைக்கும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று நான் போட்ட சத்தத்தில், புது வண்டி பார்க்க வந்த ஒரு குடும்பம் கையிலிருந்த காபியைக் கீழே வைத்தது. மேனேஜர் அறையிலிருந்து ஓடி வந்தார். ஐந்து நிமிடத்தில் போட்டோக்கள் கிடைத்தன. முன்சக்கரத்தைப் பெரிதாக்கச் சொன்னேன். சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே டிஸ்க் வெள்ளி மாதிரி பளபளவென்று இருந்தது. பக்கத்திலேயே, அன்று மதியம் அட்வைசர் எனக்கு அனுப்பிய போட்டோவை என் போனில் திறந்து வைத்தேன். அது நீலம். காலையில் எங்கள் வாசலில் வெள்ளை, மதியம் அவர்கள் வாசலில் நீலம். நடுவில் வண்டியை ஓட்டியது அவர்கள் ஆள்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். "சார், வாங்க, உள்ள உக்காந்து பேசுவோம்." உள்ளே உட்கார்ந்ததும் ஆரம்பித்தார். தப்பு என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. வாடிக்கையாளர் திருப்திக்காக இரண்டு டிஸ்க்கும் புதிதாகப் போட்டுத் தருகிறோம், பேடும் புதிது, கட்டிய பணம் திரும்பி வரும், ஒரு வாட்டர் வாஷ் இலவசம் என்றார். பதிலுக்கு நான் மேற்கொண்டு புகார் இல்லை என்று ஒரு தாளில் எழுதித் தர வேண்டும்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க" என்றேன். "எனக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. பிரேக் எரிஞ்சதுக்கு என் மனைவி ஓட்டுனது காரணமில்லைன்னு."

அவர் நான் ஏதோ கிட்னியைக் கேட்டுவிட்டது போலப் பார்த்தார். "லெட்டர் மட்டும் முடியாதுங்க சார். அது ஹெட் ஆபீஸ் போயி, லீகல் போயி... டிஸ்க் வேணும்னா நாலு சக்கரத்துக்கும் மாத்தித் தர்றேன்."

"டிஸ்க் வேண்டாம். அந்த வரிய அழிங்க."

"சிஸ்டத்துல ஏறுனத அழிக்க முடியாதுங்க."

மேஜையைத் தட்டினேன். கன்ஸ்யூமர் கோர்ட் என்றேன். அவர் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம் அந்த ஒரு வரிக்காகக் கத்தினேன். இரும்பை எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள், வார்த்தையைத் தர மாட்டார்கள். கடைசியில் புகார் இல்லை என்று எழுதித் தராமலேயே, டிஸ்க்கை மாற்ற ஆளை குன்னூருக்கு அனுப்ப வேண்டும், வண்டி ஓர் அடிகூட நகராது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். என் குரல் அடைத்துப் போயிருந்தது.

வீட்டில் அன்று மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. எல்லாம் முடிந்தபிறகு மொத்தமாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன். அதிலும் என் ஜம்பம்தான். நான்கு நாள் கழித்து இரண்டு மெக்கானிக்குகள் வந்து எங்கள் வாசலிலேயே புது டிஸ்க், புது பேடு போட்டு, எங்கள் ரோட்டு இறக்கத்தில் மூன்று முறை ஓட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள். மாலையில் மனைவி பஸ் இறங்கி வந்தாள். குடையை மடித்து மூலையில் சாய்க்கும்வரைகூட எனக்குப் பொறுக்கவில்லை. பழக்கடை அம்மா, குடத்துத் தண்ணீர், வெள்ளை போட்டோ, நீல போட்டோ, மேனேஜர், மேஜை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெயித்துவிட்டு வந்தவன் மாதிரிதான் சொல்லியிருப்பேன்.

அவள் ஈரக் கால்களைத் துடைத்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுதாலும் சரி என்றிருந்தேன்.

"போன்ல ஒருத்தன் சொன்னான், நம்புனீங்க" என்றாள். "இப்பப் பழக்கடைக்காரம்மா சொன்னாங்க, நம்பிட்டீங்க. போட்டோ சொல்லுச்சு, அதையும் நம்பிட்டீங்க. நடுவுல நானும் சொன்னனுங்களே."

எழுதிக் கொடு எழுதிக் கொடு என்று மேனேஜரிடம் தொண்டை கிழியக் கத்திக் கேட்ட அந்த ஒரு வரியை அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று நான் சொல்லியிருந்தால் போதும். லெட்டர் தேவையில்லை, போட்டோ தேவையில்லை. அவமானமாக இருந்தது. "தப்பு என்னோடதும்மா" என்றேன். "என்னோடது மட்டுந்தான். நீ ஓட்டறதுல ஒரு தப்பும் இல்லை."

"சரிங்க" என்றாள். சமாதானமாகத்தான் சொன்னாள், முறைக்கவில்லை. எழுந்து போய் டீ போட்டு எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தாள். புது டிஸ்க் போட்டிருக்கிறார்கள், நாளைக்கு ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்போமா, நான் வாயே திறக்க மாட்டேன், வேண்டுமென்றால் பின்சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று கெஞ்சினேன். "பாக்கலாமுங்க" என்று சொல்லி, பரீட்சைத் தாள் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கார் கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. மெக்கானிக்குகள் கொடுத்துவிட்டுப் போன தாளை இந்த முறை ஒரு வரி விடாமல் படித்தேன். பிரேக் நூற்றுக்கு நூறு சரியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதை ஓட்டத்தான் ஆளில்லை.